கரையைச் சுத்தம் செய்யுங்கள், மொட்டையடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணியைச் சுத்தம் செய்யும் செய்தியும் படமும் உங்கள் நெல்லைப் பதிப்பில் அடிக்கடி வருகின்றன. பாபநாசத்தில் பரிகாரம் செய்தவர்கள் ஆற்றோடு விட்டுவிட்டுப் போகும் துணிகளைக் கல்லூரிப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துக் கரையேற்றுவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அந்த வேலை இன்னும் நடக்க வேண்டும். அதே பெயரில் நடக்கும் வேறொரு வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முக்கூடலுக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், எங்கள் ஊரை ஒட்டிய கரையில், மாசி மாதம் ஜேசிபியை இறக்கினார்கள். புதர், நாணல், பட்ட மரம், மண்சரிவு என்று ஒன்றையும் பிரித்துப் பார்க்காமல் இரண்டே நாளில் வழித்து எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே நின்றால் படித்துறையிலிருந்து வாய்க்கால் மடை வரைக்கும் வெறும் செம்மண்தான் தெரிகிறது. ஊரில் பலருக்கு அது அழகாக இருக்கிறது. எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஏனென்றால் அதே இடத்தில் தை மாதம் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து, அங்கே என்னவெல்லாம் இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தக் கரை ஊர்களில்தான் நடந்தேன். அப்போது பறவைகளைப் பார்த்ததுண்டு, கவனித்ததில்லை. எந்த வீட்டில் எத்தனை மாத கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு அடுத்த ஊசி எப்போது என்பதிலேயே கண் இருக்கும். இதில் என்னை இழுத்துவிட்டவள் பாளையங்கோட்டையில் படிக்கும் என் தம்பி மகள். தமிழ்நாட்டில் 2015-இலிருந்து பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் குறித்து, ஈபேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பதிவேடு எழுதிப் பழகிய கைக்கு அந்த வேலை உடனே பிடித்துவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று கருக்கலிலேயே போய்விட்டோம். வெயில் ஏறினால் ஊர் மாடெல்லாம் குளிக்க வந்துவிடும், அதற்கு முன் முடிக்க வேண்டும். மேலே வண்டிப்பாதை, பாதைக்கு இந்தப் பக்கம் வாழைத்தோட்டம், அந்தப் பக்கம் ஆற்றை நோக்கிச் சரியும் மரக்கரை. மருதம், புங்கை, நாவல், அத்தி எல்லாம் கலந்து நிற்கும். அடியில் ஆள் நுழைய முடியாத புதர். அதற்கும் கீழே நாணல், பிறகு தண்ணீர், நடுவில் மணல் திட்டு. கார்த்திகை, மார்கழி வெள்ளம் வந்தால் இந்தச் சரிவில் பாதி முழுகிவிடும். வடிந்ததும் வண்டலும் சருகும் ஒரு சாண் கனத்துக்குப் படிந்து கிடக்கும். அரியநாயகிபுரம் அணைக்கட்டில் தண்ணீர் தேங்குவதால் அந்தப் பகுதியில் ஆறு ஓடுவதே தெரியாது. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்த நேரம். வாய்க்கால் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னும் விடியவில்லை. புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை வந்தது. தம்பி மகள் என் கையை அழுத்தினாள். "அத்தை, ஆறுமணிக்குருவி. அசையாம இருங்க." காலையில் ஆறு மணிவாக்கிலும் மாலையில் இருட்டும் நேரத்திலும் கூப்பிடும், நடுவில் வாய் திறக்காது என்று சொல்லியிருந்தாள். வெளிச்சம் வர வர, பத்தடி தூரத்தில், புங்கமரத்தடிச் சருகில் அது துள்ளித் துள்ளி வந்தது. மைனாவைவிடச் சற்றுச் சிறிய உருவம், குட்டையான வால். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலத்திட்டு, நெஞ்சு சந்தன நிறம், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றின் பின்பக்கம் குங்குமச் சிவப்பு. இரண்டு துள்ளு துள்ளியது, நின்றது, தலையைச் சாய்த்துத் தரையைக் கேட்டது. அலகால் ஒரு சருகைப் புரட்டி ஓரமாகப் போட்டது. அடுத்த சருகையும் புரட்டியது. மூன்றாவதன் அடியிலிருந்து ஒரு மண்புழுவை இழுத்து, தரையில் இரண்டு அடி அடித்து விழுங்கியது. பிறகு அடுத்த மரத்தடிக்குப் போய்விட்டது. வெளியே வெட்டவெளிக்கு அது வரவே இல்லை. புதர் நிழலை விட்டு ஒரு முழம் தள்ளிக்கூடக் கால் வைக்கவில்லை.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. இரவில் பறந்து வரும். புரட்டாசி, ஐப்பசியில் வந்து சேரும்போது களைத்துப்போய் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதுண்டு. பணியில் இருந்தபோது ஒருமுறை பள்ளிக்கூடப் பையன்கள் அப்படி விழுந்த ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்து, ஊசி போடச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார்கள். பெட்டியை நிழலில் வைத்து மூடிவிட்டேன். சாயங்காலம் திறந்ததும் தானாகப் பறந்து போனது. அத்தனை தூரம் வருகிற பறவைக்கு நம்மிடம் வேண்டியதெல்லாம் மரத்தடியில் ஈரச்சருகும் தலைக்கு மேல் ஒரு புதரும்தான். அந்த இரண்டையும்தான் மாசியில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

அதன்பிறகு சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளம்பின. செம்போத்தின் ஊப் ஊப், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் கலாட்டா, மாங்குயில், ரெட்டைவால் குருவி. புதரில் இடைவிடாமல் 'டக், டக்' என்று யாரோ நாக்கைச் சொடுக்கியபடி இருந்தார்கள். வெகுநேரம் கழித்துத்தான் ஆள் தெரிந்தது. மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கதிர்க்குருவி. பிளித் நாணல் கதிர்க்குருவி என்று பெயராம். சைபீரியா, மத்திய ஆசியப் பக்கங்களில் பிறந்து இங்கே வந்து, ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு பனிக்காலம் முழுக்க அங்கேயே பூச்சி பொறுக்கும். 10, 12 கிராம் எடை இருந்தால் அதிகம். பச்சிளம் குழந்தைகளை எடைபோட்டே காலம் கழித்த எனக்கு, அந்த எடையும் அது கடந்து வந்த தூரமும் இன்னும் ஒன்றாக மனதில் நிற்க மறுக்கின்றன.

பட்டுப்போன நாவல் கிளை ஒன்றில் செம்மார்புக் குக்குறுவான் வேலையில் இருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பருமன், பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. பாத்திரம் தட்டுவதுபோல் 'டொங்க் டொங்க்' என்று பகலெல்லாம் ஒலிக்குமே, அதே பறவை. பச்சை மரத்தை அதன் அலகால் குடைய முடியாது. நைந்துபோன கிளையைத்தான் தேடும். அதிலும் கிளையின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு அடிப்பக்கத்தில் ஓட்டை போடும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. உள்ளே தலையை விட்டுக் குடைந்து, வாய் நிறைய மரத்தூளோடு வெளியே வந்து உதறியது. கீழே சிலந்திவலையில் அந்தத் தூள் வந்து தொங்கியது. மறுபடி உள்ளே போனது. நாங்கள் கிளம்பும்வரை அதன் வேலை நிற்கவில்லை.

பட்ட மரம் என்றால் விறகு, இல்லாவிட்டால் ஆபத்து என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறுகின்றன. கிளை முறிந்த இடத்து ஓட்டையில் புள்ளி ஆந்தை இருக்கிறது. ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த கொம்பில்தான் மீன்கொத்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கும். அன்று ஒரே இடத்தில் நான்கு வகை மீன்கொத்திகளைப் பார்த்தோம். சிறு மீன்கொத்தி, வெண்மார்பு மீன்கொத்தி, நின்ற இடத்திலேயே சிறகடித்து நேராகத் தண்ணீருக்குள் விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, ஆழமான கசத்துக்கு மேல் சாய்ந்த மருதக்கிளையில் தடித்த சிவப்பு அலகோடு உட்கார்ந்திருந்த பெரிய அலகு மீன்கொத்தி. கடைசியாகச் சொன்னதற்கு நிழல் கவிந்த ஆறு வேண்டும். வெட்டவெளிக் கரையில் அதை நான் கண்டதில்லை.

கரையின் ஓரிடத்தில் வெள்ளம் அறுத்து, மண் சுவர்போல் செங்குத்தாக நின்றது. ஆள் உயரம் இருக்கும். அதில் வரிசையாகத் துளைகள். பச்சைப் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் போன வருடம் குடைந்தவை. கை நீளத்துக்கும் மேல் உள்ளே போகும், கடைசியில்தான் முட்டையிடும் அறை. மாசி, பங்குனியில் மறுபடி குடையத் தொடங்கி, ஆனி வரைக்கும் குஞ்சு வளர்க்கும். இதற்கு மண் செங்குத்தாக இருந்தாக வேண்டும். சரிவாகச் சீவிவிட்டால் கீரியும் பாம்பும் நேராக ஏறிவந்துவிடும். கல் பதித்துவிட்டாலோ குடையவே இடமில்லை. எங்கள் ஊரில் சீவியது சரியாக மாசியில். ஜேசிபி ஓட்டிய பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குக் கொடுத்த வேலை கரையைச் சமப்படுத்துவது, அதைச் செய்தான். வேலைக்கு உத்தரவு போட்டவர்கள் ஒரு காலைப்பொழுது வந்து பார்த்திருக்க வேண்டும்.

அன்று ஏழரை மணிவாக்கில் மேற்கிலிருந்து சங்குவளை நாரைகள் வந்து மணல் திட்டில் இறங்கின. கூடவே அரிவாள்மூக்கன்கள். திருப்புடைமருதூர்ப் பறவைகளாக இருக்கும். அந்த ஊரை உங்கள் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் பழைய மருத மரங்களில் காலங்காலமாகக் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களே காவல். அவர்களே கேட்டுக்கொண்டதன்பேரில் 2005-இல் அந்த இடத்தைப் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது அது. ஆனால் அதன் பரப்பு 2.84 ஹெக்டேர்தான், ஏழு ஏக்கர். கூடு கட்ட அது போதும். குஞ்சுக்கு இரை வேண்டுமே? அது ஆற்றிலும் குளத்திலும் வயலிலும் எங்கள் ஊர் மணல் திட்டிலும்தான் கிடைக்கிறது. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றில் ஏழு ஏக்கரைக் காப்பாற்றிவிட்டு மிச்சத்தை வழித்துவிட்டால் அந்த ஏழு ஏக்கரும் நிற்காது.

திருப்புடைமருதூர் மருத மரங்களில் பழந்தின்னி வௌவால்களும் தொங்குகின்றன. இதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து என்று நம்பி அடித்துத் தின்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் எந்த மருந்தும் இல்லை. இளைப்பு உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். வௌவாலை அதன் பாட்டுக்கு விட்டுவிடட்டும்.

கரையை வெட்டிய அன்று நான் போய் நின்று கேட்டேன். ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் சொன்னார்: "நர்சம்மா, இந்தப் புதரை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்? பாம்பு அடையும்லா?" அவர் பயம் பொய்யில்லை. பெண்களும் இதையே சொன்னார்கள். குளிக்கப் போகிற வழியில் புதர் மறைவில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள், தனியாகப் போக முடியவில்லை என்கிறார்கள். இதைக் கேட்டபிறகும் குருவிதான் பெரிது என்று பேச எனக்கு மனம் வராது. ஆனால் பாம்புக்கடியோடு நான் வண்டி ஏற்றி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் வயல் வரப்பிலும், வீட்டு விறகு அடுக்கிலும், இரவில் விளக்கில்லாமல் நடந்தபோதும் கடிபட்டவர்கள். ஆற்றங்கரைப் புதருக்குள் யாரும் நுழைவதே இல்லை. படித்துறைக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்தடி வெட்டிச் சுத்தமாக வையுங்கள். ஒரு விளக்குக் கம்பம் போடுங்கள், பெண்கள் உடை மாற்ற ஒரு மறைப்பும் கழிப்பறையும் கட்டுங்கள். குடிக்கிறவர்களை அங்கே உட்காரவிடாமல் செய்யுங்கள். இதற்கெல்லாம் அரை கிலோமீட்டர் கரையை மொட்டையடிக்கத் தேவையில்லை. மொட்டையடித்த பிறகும் அவர்கள் குடிக்கத்தான் செய்கிறார்கள், வாழைத்தோட்ட ஓரத்துக்கு இடம் மாறியிருக்கிறார்கள்.

வெள்ளம் தடையில்லாமல் போவதற்காக என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு எங்கள் வாழைத்தோட்டத்தின் மேல் ஓடியது. வடிந்தபிறகு கரையோரமாக நடந்து பார்த்தேன். மருதமும் புங்கையும் நெருக்கமாக நின்ற இடத்தில் வேருக்குள் மண் அப்படியே இருந்தது. மரத்தை ஏற்கெனவே வெட்டி, தோட்டத்தை ஆறு வரைக்கும் நீட்டியிருந்த இடத்தில் கரை பெயர்ந்து வாழையோடு போயிருந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த இடத்தைக் காட்டுவார்கள். ஆற்றுக்கு நடுவில் முளைத்த சீமைக் கருவேலத்தை எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரை மூடிக் கிடக்கும் அமலைச்செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, எடுக்கட்டும். வெள்ளம் கொண்டுவந்து மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக் பைகள் இன்றும் ஆள் உயரத்துக்கு மேல் தொங்குகின்றன. முதலில் அவற்றை எடுக்கட்டும். அதற்கு இயந்திரம் உதவாது, ஆள்தான் வேண்டும். நூறு நாள் வேலைக்கு வரும் எங்கள் ஊர்ப் பெண்கள் அரிவாளால் சீமைக் கருவேலத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டிவிடுவார்கள். எது மருதங்கன்று, எது கருவேலம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

ஆகவே, இந்தக் கரைக்குப் பொறுப்பானவர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இவ்வளவுதான். கரைவேலை எதுவானாலும் ஆடி, ஆவணியில் செய்யுங்கள். அப்போது பெரும்பாலும் கூட்டுக்காலம் முடிந்திருக்கும், வெளியூர்ப் பறவைகள் வந்திருக்காது, வடகிழக்குப் பருவமழைக்கும் நாள் இருக்கும். படித்துறை, பாதை தவிர்த்த இடங்களில் தண்ணீரை ஒட்டிய புதரையும் நாணலையும் விட்டுவையுங்கள். செங்குத்தான மண்கரையில், ஊருக்கோ பாதைக்கோ ஆபத்து இல்லாத இடங்களில், கை வைக்காதீர்கள். பட்ட மரம் பாதைமேல் விழும் என்றால் வெட்டுங்கள், ஆற்றுப்பக்கம் சாய்ந்திருந்தால் விடுங்கள். சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். வெட்டிய இடத்தில் அலங்காரச் செடி நட வேண்டாம். மருதமும் புங்கையும் நாவலும் அத்தியும் நட்டு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு ஆறு பார்த்துக்கொள்ளும்.

இந்த ஆற்றுப் பாசனக் குளங்களில் 2011-இலிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குளத்தில் எத்தனை வாத்து, எத்தனை நாரை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆற்றங்கரைப் புதருக்குள் ஒளிந்திருக்கும் குருவிக்கும் கணக்கு வேண்டும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம் வரை கரையோரம் இருக்கும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் படித்துறைக்கு அருகே ஒரு காலைப்பொழுதைச் செலவழித்து, பார்த்ததை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுதி வைத்த பட்டியல் இல்லாமல் அலுவலகத்தில் போய் நின்றால், "அங்க என்னம்மா இருந்தது, வெறும் புதர்தானே" என்பார்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். நான் நோட்டைத் திறந்து காட்டியபிறகுதான் உட்காரச் சொன்னார்கள்.

எங்கள் படித்துறைக்குக் கிழக்கே இன்னும் வெட்டாத மரக்கரை கொஞ்சம் மீதி இருக்கிறது. அடுத்து அதுதான் என்று பேச்சு அடிபடுகிறது. அங்கே எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, எந்த மண்கரையில் துளை இருக்கிறது என்று நானும் தம்பி மகளும் வரைபடம் போட்டு, பறவைப் பட்டியலோடு சேர்த்து மனுவாகக் கொடுத்துவிட்டோம். வேலை தொடங்கும் முன் அலுவலர்கள் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அங்கே வரட்டும். எந்த நாள் என்று சொல்லி அனுப்பினால் நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.